நிலத்தடியில் ஒரு பெயர்



சென்னைக்குச் செல்லும் நம் கருணாபுரத்துக் குடும்பங்கள் சாந்தோம் பேராலயத்தைத் தரிசிக்காமல் திரும்புவதில்லை. படியிறங்கி, புனித தோமையாரின் கல்லறைமுன் முழந்தாளிட்டு எழுகிறோம். வெளியே வந்ததும் சாலையில் வட்டமான இரும்பு மூடிகளை மிதித்து நடக்கிறோம். அவற்றின் அடியிலும் ஒரு நகரம் கிடக்கிறது. அதை எண்ணுவோர் அரியர்.

உரோமாபுரிக்கும் அத்தகைய மறைந்த நகரம் ஒன்று உண்டு. ஆதிக் கிறிஸ்தவர்களின் சுரங்கக் கல்லறைகள் பல நூற்றாண்டுகள் பெரும்பாலும் மறக்கப்பட்டிருந்தன. 1578ஆம் ஆண்டு சலாரியா சாலையருகே ஒரு திராட்சைத் தோட்டத்தில் மண் வெட்டிய கூலியாட்களே தற்செயலாக ஒன்றைத் திறந்தனர். 1593ஆம் ஆண்டு டிசம்பரில் அந்தோனியோ போசியோ என்னும் அறிஞர் மற்றொன்றில் இறங்கி, வழிதவறி, விளக்கு அணையும் தறுவாயில் தப்பி வந்தார். வரலாறு போசியோவின் பெயரை அறியும். கூலியாட்களின் பெயரை அறியாது.

ஆனால் அக்கல்லறைகளை வெட்டியவர்களைத் திருச்சபை மறக்கவில்லை. தொமித்தில்லா கல்லறையில் தியோஜெனெஸ் என்னும் குழிவெட்டியின் உருவம், கையில் விளக்கும் தோளில் மண்வெட்டும் கருவியுமாக, அவர் பெயருடன் தீட்டப்பட்டிருந்தது. வட ஆப்பிரிக்காவின் சீர்த்தா நகரில் 303ஆம் ஆண்டு எழுதப்பட்ட ஆவணம், ஆயர், குருக்கள், தியாக்கோன்களுக்குப் பின் குழிவெட்டிகளையும் வரிசைப்படுத்துகிறது. நாமோ அத்தொழில் செய்பவரை ஊருக்கு வெளியே குடிவைத்தோம்!

நம் நகரங்களின் அடியில் இறங்கியவரின் கதை வேறு. சாக்கடையில் தேங்கும் நச்சுக்காற்று முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். சிறிது நேரத்தில் மூக்கே உணர்விழக்கும். மயங்கியவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் மாள்வதுண்டு. பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. இறந்தோர் குடும்பத்திற்கு 30 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டுமென 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தடை நம் வீட்டு மலக்குழிக்கும் பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பங்கு இல்லத்தில் குழி நிரம்பியபோது, வாளியுடன் ஒருவர் இறங்கினார். கூலி கொடுத்தேன், தேநீரும் கொடுத்தேன். பெயரைக் கேட்கவில்லை. சட்டம் அப்போதும் இருந்தது.

இனி குழி நிரம்பினால் உறிஞ்சும் குழாயுள்ள ஊர்தியை அழையுங்கள். அடியில் தங்கிய மண்டியை ஆளிறக்கி அள்ளிவிடலாம் என்று வந்தவர் சொன்னால் இசையாதீர்கள். தண்ணீர் ஊற்றி, கலக்கி, மீண்டும் உறிஞ்சச் சொல்லுங்கள். செலவு சற்றுக் கூடும்.