பிரிட்ஜுக்குள்ள கார்ச் சாவி

மொன்றியல் சீஜெப் ஒன்றில மகள் சினிமா படிக்கிறாள். முதல் படத்துக்கு அம்மம்மாவைக் குசினியில இருத்தி, கமராவைத் தூர வைத்துக் கதைக்கவிட்டாள். இலவசமாகக் கிடைக்கிற டாவின்சி ரிசால்வில போட்டுப் பார்த்தால், குரலுக்கு மேல பிரிட்ஜ் இரையுது! மென்பொருள் இரைச்சலைக் குறைக்கும். அமுங்கிப்போன சொல்லைத் திருப்பித் தராது.

1958இல் ஷேர்புரூக்கில எடுத்த ‘லே ரக்கெத்தேர்’ குறும்படத்தில, மிஷெல் புரோ அகலக்கோண லென்சோட ஆக்களுக்குக் கிட்டவே போனார். மகளும் அடுத்தமுறை கமராவையும் மைக்கையும் கிட்டக் கொண்டுபோனாள். பிரிட்ஜை நிப்பாட்டினோம். (கார்ச் சாவியை அதுக்குள்ள வையுங்கோ, திருப்பிப் போட மறக்கமாட்டீங்கள்.)

சப்டைட்டிலுக்குத்தான் என்னைக் கூப்பிட்டாள். ‘அந்தரிச்சுப்போனம்’ எண்டு அம்மா சொன்னதுக்கு எனக்கு ஆங்கிலமும் வரேல்ல, பிரெஞ்சும் வரேல்ல. அவவையே கேட்டோம். படத்தில இல்லாத ஒரு இரவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினா. மகள் மெதுவாக மைக்கைத் தேடினாள்.