சரீரமும் சாரீரமும்

புதுக்கோட்டையிலே பிறந்து, 1951-இல் அவ்வூரிலேயே கண்மூடிய பி.யு.சின்னப்பாவின் காலத்தில், நடிகன் என்றால் சரீரமும் சாரீரமும் ஒருவனிடத்திலேயே அமைந்திருக்க வேண்டும் என்பது எழுதாத சாஸ்திரமாயிருந்தது. அவ்விரண்டும் பிரிந்து, ஒருவர் வாயசைக்க வேறொருவர் பேசும் இந்த விசித்திர யுகத்திலே, நெடுங்காலம் பிறருக்குக் குரல் கொடுத்த எம்.எஸ்.பாஸ்கர் தம் முகத்தோடும் நம் முன் வந்து நிலைபெற்றதை அந்தப் பழைய சாஸ்திரத்தின் புனர்ஜன்மமாகவே நான் கருதுகிறேன். பின்னணிக் குரல் சாமானியமான காரியமன்று. தெலுங்கிலே நகைச்சுவை நடிகர் பிரம்மானந்தத்தின் உதடுகள் ஒட்டுமிடத்தில் தமிழிலும் ஒரு பகரமோ மகரமோ வந்து விழவேண்டும், அவர் மூச்சு முடியுமிடத்தில் நம் வாக்கியமும் முடியவேண்டும், அத்தனைக்கும் நடுவே நகைச்சுவை கெடாதிருக்கவும் வேண்டும். இந்தக் கட்டுக்குள் பழகிய நிதானமே, ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’ தொடரில் காது மந்தமான பட்டாபியாகப் பாஸ்கர் பேசியபோது ஒரு கணமும் தாளம் தப்பாமல் காத்தது என்பது என் அபிப்பிராயம். (கீழராஜ வீதித் தேநீர்க்கடையில் அதைப் பார்த்துச் சிரித்துத் தேநீரை ஆறவிட்டவர்களுள் நானும் ஒருவன்.) ஆயினும் 2007-இல் வெளிவந்த ‘மொழி’ படத்தில், மகனைப் பறிகொடுத்த 1984-ஆம் வருஷத்திலேயே பிரக்ஞை உறைந்துபோன பேராசிரியராக அவர் வந்தபோதுதான், சிரிக்க வைத்த அதே குரல் நம் தொண்டையை அடைக்கவும் வல்லது என்று தெரிந்தது. ‘பார்க்கிங்’ படத்துக்காகச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது 2025-இல், வெகு தாமதம்.