முற்றத்தில் ஒரு கார்த்திகைப்பூ



வீட்டுத்தோட்டம் என்றதும் எங்கள் கப்பல்துறைப் பக்கத்துப் பெண்கள் கத்தரி, மிளகாய், பயிற்றை, முருங்கை என்றுதான் சொல்வார்கள். பூக்கன்று பற்றிப் பேச்செடுத்தால், "அது கறிக்கு ஆகுமா அக்கா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும் அவர்கள், பாத்திக்கு ஊற்றுவதும் அவர்கள். ஆனாலும் நாள் முழுவதும் மற்றவர்களுக்காக உழைக்கும் ஒருத்திக்கு, தன் கண்ணுக்குப் பிடித்த ஒன்றை வளர்க்க வளவில் ஒரு முழ நிலம் இருக்கக்கூடாதா? தண்ணீரும் வேலையும் அதிகம் கேட்காத பூவாக இருந்தால் போதும். லில்லி என்று நாம் சொல்லும் பூக்களில் அப்படிப்பட்டவை உண்டு.

கலண்டர்களிலும் வாழ்த்து மட்டைகளிலும் காணும் பெரிய வெள்ளை லில்லி நமக்குச் சரிவராது. அது குளிர் தேடும் செடி. அதன் கிழங்கு சில வாரங்கள் குளிரில் கிடந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். நுவரெலியாக் காற்றுக்கு வளரலாம். திருகோணமலை வெயிலில் வாடிவிடும். காசு கொடுத்து வாங்கி ஏமாற வேண்டாம்.

நம் மண்ணுக்கு ஏற்றவை வேறு. ஒன்று, மழை லில்லி. வெங்காயம் போன்ற சிறு கிழங்கு. வெள்ளை, இளஞ்சிவப்பு நிறங்களில் பூக்கும். மழை பெய்த சில நாட்களில் திடீரென்று பூத்து நிற்கும். பக்கத்து வீட்டில் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கி, ஓரமாக ஊன்றிவிட்டால் தானாகப் பெருகும். மற்றது, நம் பற்றைக்காடுகளிலும் வேலிகளிலும் தானாகவே படரும் கார்த்திகைப்பூ. சங்க இலக்கியத்தின் காந்தள் இதுதான். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் வரிசைப்படுத்தும் 99 பூக்களில் முதலில் நிற்பது இதுவே. தமிழ்நாட்டின் மாநில மலரும், சிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுதான். முன்பு லில்லிக் குடும்பத்தில் சேர்த்திருந்தார்கள். இப்போது தாவரவியலார் தனிக்குடும்பத்தில் வைக்கிறார்கள். போர்க்காலத்தில் இதற்கு அரசியல் அடையாளம் வந்து சேர்ந்ததால், முற்றத்தில் வைக்கத் தயங்கியவர்களும் உண்டு. பூ என்னவோ அதற்கு முன்பிருந்தே கார்த்திகை தவறாமல் பூத்து வருகிறது.

நமது மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. முதல் மழைக்கு இதன் கிழங்கு முளைவிடும். புரட்டாதி கடைசியில் நட்டால் கார்த்திகையில் பூ பார்க்கலாம். கிழங்கு கலப்பை போல வளைந்திருக்கும். அதனால் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். அதன் நுனியில்தான் முளை இருக்கிறது. முளை உடைந்தால் அந்தக் கிழங்கு வீண். ஆகவே கிழங்கைப் படுக்கையாக வைத்து, இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் மண் மூடுங்கள். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். மணலும் மக்கிய மாட்டெருவும் கலந்த மேட்டுப்பாத்தி நல்லது. இலையின் நுனியே சுருண்டு பற்றிக்கொண்டு ஏறும். வேலிக் கதியாலோ நாலு தடியோ இருந்தால் போதும். மாரி முடியக் கொடி காய்ந்துவிடும். செத்துவிட்டதென்று கொத்திப் போடாதீர்கள். கிழங்கு நிலத்துக்குள் உறங்குகிறது. கோடையில் அதற்குத் தண்ணீரும் தேவையில்லை.

பூவைத் தினமும் கவனித்துப் பாருங்கள். முதலில் பச்சை கலந்த மஞ்சளாக விரியும். பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கும். கடைசியில் ஆறு இதழ்களும் நெருப்புச் சுவாலைபோல் மேல்நோக்கி வளைந்து முழுச் சிவப்பாகும். ஒரே கொடியில் இந்த நிறங்கள் எல்லாம் ஒன்றாக இருக்கும்.

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து வீட்டிலுள்ள எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். இந்தச் செடி முழுவதும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் அதிகம். அதிலுள்ள கொல்சிசின் என்ற பொருளை வாத நோயொன்றுக்கு மருத்துவர்கள் மிகச் சிறிய அளவில் மருந்தாகத் தருகிறார்கள். அதற்காகவே தமிழ்நாட்டில் திண்டுக்கல், கரூர் பக்கங்களில் விதைக்காக இதைப் பயிரிடுகிறார்கள். ஆனால் வீட்டு வைத்தியத்துக்கு இது வேண்டவே வேண்டாம். வற்றாளைக் கிழங்கென்று எண்ணி உண்டு ஆபத்துக்குள்ளானவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். இந்த நஞ்சிலிருந்து பிழைத்தவரின் தலைமுடி முழுவதும் கொட்டிய இலங்கைச் சம்பவமொன்று 1966இலேயே பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியானது.

ஆகவே நடும்போது சில ஒழுங்குகள். வற்றாளை, மரவள்ளி, இராசவள்ளிப் பாத்திகளுக்கு அருகில் நடாதீர்கள். நட்ட இடத்தைச் சுற்றிக் கல் வையுங்கள். கிழங்கைத் தொட்டால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். காய் வெடித்தால் சிவந்த விதைகள் தெரியும். பிள்ளைகள் அவற்றை விளையாட எடுப்பார்கள். அதனால் பூ வாடியதும் காயை வெட்டிப் புதைத்துவிடுங்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டிலும், ஆடு அவிழ்த்துவிடும் வளவிலும் இது வேண்டாம். மழை லில்லியின் கிழங்கும் வாந்தியை உண்டாக்கும். வெங்காயத்தோடு கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் யாராவது மனமுடைந்து போயிருந்தால் இந்தச் செடி அங்கே இருக்கக்கூடாது. அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள்.

யாராவது இதை உண்டுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அறிகுறி தோன்ற சில மணித்தியாலங்கள் ஆகலாம். அதற்குள் நஞ்சு உடலில் பரவிவிடும். உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்து, செடியின் ஒரு துண்டையும் கையோடு வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

இவ்வளவு கவனம் எதற்கு, பேசாமல் விட்டுவிடலாமே என்று தோன்றலாம். பிள்ளைகள் சிறியவர்களென்றால் விட்டுவிடுங்கள். காட்டோரத்தில் பூத்திருப்பதைப் பார்த்து மகிழ்ந்தால் போதும், முற்றத்துக்கு மழை லில்லி போதும். அதிலும் கிழங்கு பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் உயரமான சாடியில் வையுங்கள். பிள்ளைகள் வளர்ந்த வீடென்றால், அவர்களுக்கும் இந்த விபரங்களைச் சொல்லிக்கொடுத்து நடுங்கள். கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றி முடித்த பிறகு, வேலியோரம் ஐந்து நிமிடம் நின்று பூப்பார்ப்பதும் உங்களுக்கு உரிய நேரம்தான்.