டென்ட் வாங்குறதுக்கு முன்னாடி ராத்திரியை எண்ணுங்க



ஃப்ரெண்டோட சேர்ந்து அஞ்சாறு நாள் மலையில நடக்கணும்னு பிளான் போட்டாச்சு. அடுத்த வாரமே ஆன்லைன் கார்ட்டுல வந்து உட்கார்ற பொருள் என்ன? டென்ட்தான். "நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கு மச்சான், ஆளுக்குப் பாதி போட்டுக்கலாம்"னு பேச்சு ஆரம்பிச்சிடும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். முதல் பயணத்துக்கு டென்ட் வாங்காதீங்க, வாடகைக்கு எடுங்க. பின்னாடி வாங்கினாலும் பாதிப் பாதி போட்டு வாங்காதீங்க. ஏன்னு கணக்கோட பார்ப்போம்.

முதல் கேள்வி: அதை எங்கே போடப் போறீங்க?

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில ஏற்பட்ட காட்டுத் தீயில, மலையேறப் போன பலர் உயிரிழந்தாங்க. சென்னையில இருந்து போனவங்களும் அதுல இருந்தாங்க. அதே வருஷம் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு ஒழுங்குமுறை விதிகள் கொண்டு வந்தது. இப்போ காப்புக்காட்டுக்குள்ள நம்ம இஷ்டத்துக்குப் போய் டென்ட் அடிக்க முடியாது. 2024 அக்டோபர்ல அரசு தொடங்கின 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்துல 14 மாவட்டங்கள்ல 40 பாதைகள் இருக்கு. ஆனா அது பகல்ல வழிகாட்டியோட போய்ட்டு வர்ற நடை. டென்ட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

சரி, இமயமலைக்கே போறோம்னு சொல்றீங்களா? குழுவா கூட்டிட்டுப் போறவங்க பெரும்பாலும் டென்ட்டை அவங்களே தந்துடுவாங்க, கட்டணத்துலயே அது அடங்கும். நேபாளத்துல அன்னபூர்ணா மாதிரி பிரபலமான பாதைகள்ல வழியெல்லாம் தங்கும் விடுதிகள் இருக்கு. உத்தராகண்ட்ல மலைப் புல்வெளிகள்ல ராத்திரி தங்குறதுக்கு அந்த மாநில உயர் நீதிமன்றம் 2018லயே தடை போட்டுச்சு.

ஆக, நீங்களே ரூட் போட்டு, அனுமதி வாங்கி, மூட்டையைச் சுமந்து போற பயணத்துக்கு மட்டும்தான் சொந்த டென்ட் தேவை. உங்க பிளான் அந்த வகையான்னு முதல்ல பாருங்க.

ஒரு ராத்திரிக்கு எவ்வளவு?

டென்ட்டோட விலையைப் பார்க்காதீங்க. ஒரு ராத்திரி தூங்க என்ன செலவாகுதுன்னு பாருங்க.

ஒரு டென்ட் 12,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். வருஷத்துக்கு ஒரு பயணம், ஒவ்வொண்ணுலயும் 5 ராத்திரி. மூணு வருஷத்துல 15 ராத்திரி. ஒரு ராத்திரிக்கு 800 ரூபாய். வாடகை ஒரு நாளைக்கு 300 ரூபாய்னா, அதே 15 ராத்திரிக்கு 4,500 ரூபாய்தான். வாங்கினது லாபம்னு சொல்ல 40 ராத்திரி தூங்கியிருக்கணும். கடைசியில 4,000 ரூபாய்க்கு வித்துட்டீங்கன்னாலும் 27 ராத்திரியாவது வேணும். உங்க ஊர் வாடகையை விசாரிச்சு இதே கணக்கைப் போட்டுப் பாருங்க.

நோ காஸ்ட் இஎம்ஐ பத்தி ஒரு வார்த்தை. வட்டிக்கு ஈடா தள்ளுபடி கொடுத்தாலும், அந்த வட்டி மேல ஜிஎஸ்டியும் பிராசஸிங் ஃபீஸும் பெரும்பாலும் கார்டு பில்லுல வந்து நிக்கும்.

இன்னொரு விஷயம், சென்னைக்காரங்களுக்கு ரொம்ப முக்கியம். டென்ட் துணியில மழைத்தண்ணி இறங்காம இருக்க உள்பக்கம் பாலியூரிதேன் பூச்சு இருக்கும். ஈரக்காத்துல வருஷக்கணக்கா மடிச்சு வெச்சா அந்தப் பூச்சு பிசுபிசுன்னு ஆகி உரிஞ்சு வரும். அடையாறுலயோ மயிலாப்பூர்லயோ கடல் காத்து அடிக்கிற வீட்டுப் பரண்ல கிடக்குற டென்ட், ஒரு ராத்திரிகூட பயன்படாமலே வீணாகலாம். தங்கம் மாதிரி வாங்கி வைக்கிற பொருள் இல்லை இது.

எடையும் ஒரு விலைதான்

"2 பேர் டென்ட்"னு எழுதியிருந்தா, ரெண்டு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கலாம்னு அர்த்தம். அந்த எண்ணை விட்டுட்டு தரையோட அகலத்தைப் பாருங்க. ஆளுக்கு 60 செ.மீ. பாய்னா ரெண்டுக்கு 120. பல டென்ட்டுகள்ல அதுக்கு மேல இடமே இருக்காது. பையை எங்கே வைப்பீங்க? அதனால வெளிப்பக்கம் கூரை நீண்டிருக்கிற மாடல் நல்லது. ரெண்டு கதவு இருந்தா, ராத்திரி எழுந்து போறவர் தூங்குறவரைத் தாண்ட வேண்டாம். ரெண்டு அடுக்கு இருந்தா, மூச்சுக்காத்து குளிர்ந்து சொட்டுற தண்ணி உங்க மேல விழாது.

எடை குறைய குறைய விலை ஏறும். ஆனா ரெண்டு பேர் போறப்போ எடையைப் பிரிச்சுக்கலாம்: ஒருத்தர் துணி, இன்னொருத்தர் கம்பியும் முளையும். 3 கிலோ டென்ட்னா ஆளுக்கு ஒன்றரை கிலோதான். அரை கிலோ குறைக்க 10,000 ரூபாய் கூடக் கொடுக்கறதுக்கு முன்னாடி, ஞாயித்துக்கிழமை காலையில ஒரு சோதனை செய்யுங்க. முழு மூட்டை எடைக்கு அரிசியும் தண்ணி பாட்டிலும் பையில போட்டுக்கிட்டு, பெசன்ட் நகர்ல இருந்து அடையாறு, சாந்தோம் வழியா லைட்ஹவுஸ் வரை நடங்க. முடியலையா, பறக்கும் ரயில் ஏறித் திரும்பிடலாம். அந்த அரை கிலோ உங்களுக்குத் தேவையான்னு முதுகே சொல்லிடும்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒண்ணு இருக்கு: கம்பி, தரைத் துணி, மழை தாங்கும் திறன். மலையில நனைஞ்சு குளிர்ல விறைச்சா உயிருக்கே ஆபத்து. அங்கே 2,000 ரூபாய் மிச்சம் பிடிக்கறது சேமிப்பு இல்லை.

ஃப்ரெண்ட்ஷிப்பும் பாதிப் பாதியும்

நான் அதிகம் கவலைப்படறது இதுக்குத்தான். உங்க சம்பளம் 90,000, அவர் சம்பளம் 35,000னு வைங்க. 24,000 ரூபாய் டென்ட்டை நீங்க காட்டினா, அவர் "ஓகே டா"ன்னுதான் சொல்வார். அதுக்காக எஸ்ஐபியை நிறுத்தினாரா, கார்டுல இழுத்தாரான்னு உங்களுக்குத் தெரியாது. அதனால குறைவா சம்பளம் வாங்குறவர்தான் பட்ஜெட்டை முதல்ல சொல்லணும். அதிகமா வாங்குறவர் அதைக் கேட்டு வாங்கணும்.

பாதிப் பாதி போட்ட டென்ட் யார் வீட்டுல இருக்கும்? கிழிஞ்சா யார் சரி செய்யணும்? அவருக்குப் பெங்களூர்ல வேலை கிடைச்சா? பணமா இருந்தா பிரிச்சுக்கலாம், துணியை எப்படிப் பிரிக்கறது? ஒருத்தர் டென்ட் வாங்கட்டும், இன்னொருத்தர் அடுப்பு, பாத்திரம், முதலுதவிப் பெட்டி வாங்கட்டும். யாருது யாருதுன்னு தெளிவா இருக்கும். (கேஸ் கேனை விமானத்துல விடமாட்டாங்க, போற ஊர்ல வாங்கிக்குங்க.)

"வாடகை டென்ட் ஓட்டையா இருந்தா?"ன்னு கேட்பீங்க. நியாயமான பயம்தான். ரெண்டு நாள் முன்னாடியே எடுத்து மொட்டை மாடியில அடிச்சு, ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்திப் பாருங்க. சொந்த டென்ட்டா இருந்தாலும் இதைச் செஞ்சே ஆகணும்.

வருஷத்துக்கு 10 ராத்திரிக்கு மேல, வருஷா வருஷம் மலையில தூங்குறவரா? தாராளமா வாங்குங்க, கணக்கு உங்க பக்கம். மத்தவங்க இன்னைக்கே ஃப்ரெண்டுக்கு போன் போட்டு ரெண்டே கேள்வி கேளுங்க: "மொத்தம் எத்தனை ராத்திரி? உன்னால எவ்வளவு முடியும்?" பதில் வந்தப்புறம் கார்ட்டைத் திறங்க.