எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. – தெரிந்து கொள்வோமா?

காமாலை கண்டவருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தால் ரிப்போர்ட்டில் இந்த இரண்டு பெயர்களும் இருக்கும். ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்றும் போடுகிறார்கள். பக்கத்தில் இருநூறு, முந்நூறு என்று பார்த்ததும், "ஐயையோ, நாற்பதுக்குள்ளே இருக்கணுமாமே!" என்று நமக்குக் கை கால் உதறுகிறது. விஷயம் தெரிந்தால் வீண் பயம் போகும். பயப்பட வேண்டிய இடமும் புரியும்.

இரண்டும் என்ஸைம்கள். பருப்பு, பால், முட்டையிலுள்ள புரதச் சத்தை உடம்பு தனக்கு வேண்டியபடி மாற்றிக் கொள்ள உதவுபவை. இவை வேலை செய்யும் இடம் ரத்தம் அல்ல, செல்களின் உள்ளே. பழைய செல்கள் கழியும்போது கொஞ்சம் ரத்தத்தில் சேருவது சகஜம். ஈரல் செல்கள் அடிபட்டால் நிறையக் கசியும்.

ஒரு செல்லை வீடாக நினைத்துக் கொள்ளுங்களேன். சுற்றுச் சுவர், உள்ளே பெரிய கூடம், அதற்குள் தனிச் சுவர் வைத்த சின்னச் சின்ன அறைகள். இந்த அறைகளுக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயர். உடம்புக்கு வேண்டிய சக்தி பெரும்பாலும் இங்கேதான் தயாராகிறது. எஸ்.ஜி.பி.டி. ஈரல் செல்லில் பெரும்பாலும் கூடத்திலேயே இருக்கிறது. எஸ்.ஜி.ஓ.டி.யோ அக்கா, தங்கை போல இரண்டு. செய்வது ஒரே வேலை. ஆனால் ஒருத்தி கூடத்தில், மற்றவள் அறைக்குள்ளே. ஈரலில் சுமார் 80 சதவிகிதம் அறைக்குள் இருப்பவள்தான்.

எதற்கு இரண்டு இடம்? கூடத்தில் சர்க்கரையை உடைத்துக் கிடைக்கும் சரக்கு நேராக அறைக்குள் நுழைய முடியாது. ஒரு பாத்திரத்தில் வைத்துத்தான் அனுப்ப வேண்டும். சரக்கை இறக்கியபின் காலிப் பாத்திரத்தை வெளியே அனுப்ப உதவுபவள் உள்ளே இருப்பவள். அதை வாங்கி மறுபடி தயார் செய்பவள் கூடத்தில் இருப்பவள்.

இனி ரிப்போர்ட்டுக்கு வருவோம். வைரஸ் காமாலையில் சுற்றுச் சுவர் பழுதாகிறது. கூடத்துச் சாமான் முதலில் தெருவுக்கு வரும். அதனால் பெரும்பாலும் எஸ்.ஜி.பி.டி.தான் கூடுதல். எண் ஆயிரத்தைத் தாண்டினாலும், ஹெபடைடிஸ் ஏ வந்தவர்களில் பெரும்பாலோர் பூரண குணமடைகிறார்கள்.

மது அப்படியல்ல. அது உள் அறையையே பாழாக்குகிறது. அறைக்குள் இருந்தவளும் வெளியே வர, எஸ்.ஜி.ஓ.டி. மற்றதைப்போல் இரு மடங்குக்கு மேல் போகலாம். குடிப்பவர்களுக்கு பி6 வைட்டமின் குறைவதால் எஸ்.ஜி.பி.டி. அவ்வளவாக ஏறுவதில்லை. ஆகவே எண் பெரிதாக இல்லாமலே ஈரல் கெட்டிருக்கக் கூடும்.

அதற்காக எஸ்.ஜி.ஓ.டி. கூடினாலே 'குடிக்கிறார்' என்று முடிவு கட்டிச் சண்டைக்குப் போகாதீர்கள்! தசையிலும் இருதயத்திலும் அது உண்டு. மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் அது உயர்வதை 1954-ல் அமெரிக்க டாக்டர்கள் கண்டார்கள். கடுமையாக உடம்பை வருத்தி வேலை செய்தாலும் ஏறும். வேறு காரணத்தால் ஈரல் சுருங்கியவர்களுக்கும் எஸ்.ஜி.ஓ.டி. முந்திக் கொள்ளும்.

நாம் கவனிக்க வேண்டியவை:

1. எண் ஒன்றை மட்டும் பார்த்து மனம் கலங்க வேண்டாம். முழு ரிப்போர்ட்டையும், பழையது இருந்தால் அதையும், டாக்டரிடம் காட்டுங்கள்.

2. வீட்டுக்காரர் குடிப்பவர் என்றால், 'கௌரவம் போயிடுமே' என்று டாக்டரிடம் மறைக்காதீர்கள். உள் அறை வரை சேதம் போய்விட்டதா என்று அவர் பார்க்க வேண்டும். ஆரம்பக் கட்டத்தில் குடியை விட்டால் ஈரல் பெரும்பாலும் தேறிவிடும்.

3. சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையும் சொல்லுங்கள். பாரசிட்டமால் அளவு மீறினாலும் ஈரல் கெடும். ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றிலும் அது உண்டு.

4. "கீழாநெல்லி கொடுத்தேன், எண் இறங்கிடுச்சு" என்று நிம்மதியாக இருந்து விடாதீர்கள். செல்கள் பெருமளவு அழிந்துபோய், கசிய ஒன்றும் மிச்சமில்லாவிட்டாலும் எண் இறங்கும். எண் இறங்கியும் மஞ்சள் கூடிக்கொண்டே போனாலோ, ஓயாத வாந்தி, ரத்தக் கசிவு, பகலெல்லாம் தூக்கம், பேச்சில் தடுமாற்றம் இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த இரவே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.