சிவப்புப் பொத்தான் எங்கே?

“மக்கள் கேட்கிறார்கள், நாங்கள் கொடுக்கிறோம்!”

பாம்பு பழிவாங்குவதையும், பில்லி சூனியம் பலிப்பதையும், மருமகளுக்கு மாமியார் நஞ்சிடுவதையும் நாள்தோறும் நம் இல்லங்களிலே கொண்டுவந்து கொட்டும் தொலைக்காட்சி முதலாளிகள் கூறும் சமாதானம் இது. சான்று எங்கே என்றால், வாரந்தோறும் வெளிவரும் டி.ஆர்.பி. பட்டியலை நீட்டுகிறார்கள். எண் பேசிவிட்டதாம், இனி எவரும் பேசலாகாதாம்!

அந்த எண் பிறந்த கதையைச் சற்றே ஆராய்வோம்.

2015 முதல் இக்கணக்கை வெளியிடுவது ‘பார்க்’ என்னும் அமைப்பு. அதனை நடத்துவோர் யார்? ஒளிபரப்பாளரும் விளம்பரதாரரும் விளம்பர நிறுவனத்தாரும்! கடைக்காரர் கையிலேயே தராசு. 20 கோடிக்கும் மேற்பட்ட தொலைக்காட்சி வீடுகள் உள்ள நாட்டிலே, கருவி பொருத்தப்பட்டவை ஏறத்தாழ 55,000. ஒரு வீடு, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்காக வாக்களிக்கிறது. ஒலியிலே கலந்துள்ள, செவிக்கு எட்டாத குறியைப் பிடித்து, எந்த நிமிடத்தில் எந்த அலைவரிசை ஓடியது என்று கருவி குறித்துக்கொள்கிறது. வீட்டார் தத்தமக்குரிய பொத்தானை அழுத்தித் தாம் இருப்பதை அறிவிக்க வேண்டும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் அன்றோ என்பர். உண்மை, முறையை நாம் பழிக்கவில்லை. ஆனால், சோறு வெந்ததா என்பதைத்தான் அந்தப் பருக்கை சொல்லும். உண்டவன் உடம்புக்கு ஒத்ததா என்று சொல்லுமா? பருக்கைக்கே கையூட்டு கொடுத்தால்? கருவியுள்ள வீடுகளுக்குப் பணம் கொடுத்துக் குறிப்பிட்ட அலைவரிசைகளை ஓடவிட்டனர் என்று 2020 அக்டோபரில் மும்பைக் காவல்துறை குற்றஞ்சாட்டியது. செய்தி அலைவரிசைகளின் கணக்கு அப்போது நிறுத்தப்பட்டு, 2022 மார்ச்சில்தான் மீண்டும் வந்தது. வழக்கை அரசே பின்னர் திரும்பப் பெற்றது. எனவே எவரையும் குற்றவாளி என்று கூறோம். ஐயம் மட்டும் அகலவில்லை.

பல்லடத்துத் தெருக்களுக்கு வாருங்கள். விசைத்தறி ஓசை ஓயாத ஊர். இரவு முறை முடித்து வந்த நெசவாளி உறங்குகிறான். அவன் துணைவி பனியன் துணிகளில் பிசிறு வெட்டிக்கொண்டிருக்கிறாள். கண் கத்தரியிலே, காது பாதி தொடரிலே. அந்த வீட்டிலே கருவி இருந்தால் என்ன எழுதும்? ‘பார்த்தாள்’ என்று எழுதும்! அவள் முகஞ்சுளித்ததை எழுதுமா? மறுநாள் பள்ளியிலே, “பாம்பு பழிவாங்குமா, ஐயா?” என்று பிள்ளை நம்மைக் கேட்பதை எழுதுமா?

1930-களின் இறுதியில் அமெரிக்காவிலே லாசர்ஸ்ஃபெல்டும் ஸ்டாண்டனும் ஒரு கருவி செய்தனர். வானொலி கேட்போர் கையிலே இரு பொத்தான்கள். பிடித்தால் பச்சை, பிடிக்காவிட்டால் சிவப்பு. விநாடிக்கு விநாடி விருப்பும் வெறுப்பும் பதிவாயின. அதுவும் வணிகத்துக்குப் பயன்பட்டதுதான். எனினும், ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையாவது கேட்பவனுக்கு இருந்தது. இன்று? நாம் இருக்கிறோமா என்பதே கேள்வி, ஏற்கிறோமா என்பதன்று!

வருகையை விருப்பம் என்பது மோசடி. ஆசிரியர் பாடத்தை மாணவர் விரும்புகின்றனர் என்பதற்கு வருகைப் பதிவேடு சான்றாகுமா?

ஆகவே கேட்கிறோம்: தராசு கடைக்காரரிடமிருந்து பொதுமன்றத்தின் பொறுப்புக்கு வரட்டும். பார்த்தோர் தொகையோடு, வெறுத்தோர் தொகையும் வெளிவரட்டும். அதுவரை, கருவியில்லாத நம் வீட்டில் தொலைக்காட்சியை அணைத்தாலும் அவர்களுக்குக் கேட்காது. எனவே அணைப்பதோடு அமையாமல், தோழர்களே, எழுதுங்கள், பேசுங்கள், மன்றங்களிலே கண்டியுங்கள். அவர்கள் பறித்த சிவப்புப் பொத்தான், நம் நாவிலும் பேனாவிலும் இருக்கிறது!