விதியும் தெரிவும்

அட்சரகணிதம் வெறும் விதிக்கோவை என்பர் கலைப்பீடத்தார் சிலர். அவ்விதிகளோடு வேகமுஞ் சேர்ந்தாற் கணனி யாவற்றையும் தீர்த்துவிடும் என்பர் விஞ்ஞானபீடத்தார் சிலர். இரண்டும் ஒரே மயக்கத்தின் இரு முகங்களே. பூச்சியத்தைக் கூட்டலாம் என்னும் எளிய விதியையே முடிவின்றிப் பிரயோகிக்கலாம்; அங்கு வேகம் வழிதவறுதலையே துரிதப்படுத்தும்.

எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் உருவாகி, அலன் பண்டியும் பொப் வெல்ஹாமும் 1981இல் விவரித்த ‘பிரெஸ்’ என்னும் நிரல் இதனை உணர்ந்தது. சமன்பாட்டில் மாறி ஈரிடத்து வருமாயின் அவற்றை நெருங்கச் செய்தல், ஒன்றாக்கல், பின் தனிமைப்படுத்தல் என்பன அதன் நோக்கங்கள். இரு மடக்கைகளின் கூட்டலிற் பிரிந்து நின்ற மாறி, பெருக்கமாகி நெருங்கும், வர்க்கமாகி ஒன்றும், ஈற்றில் தனித்து நிற்கும். நோக்கத்துக்கு உதவாத விதிக்கு அங்கே இடமில்லை.

எவ்விதியை எங்கே, எதற்காக என்று அறியாத இயந்திரம் அட்சரகணிதம் அறிந்ததாகாது. விதிகளை மனனஞ் செய்து பரீட்சை கடக்கும் மாணவரும் அவ்வாறே.